இலக்கமுறை ஒளிப்படமும் அடிப்படைக் கல்வியும்: கண்டக்குழிக் கரையை முன்வைத்து ஒரு விவாதம்

கருவி எளிதாகுமிடத்துக் கல்வி தேவையற்றதாகிவிடும் என்னும் எண்ணம் இன்று படித்தவரிடையே பரவலாக வேரூன்றியுள்ளது. கைத்தொலைபேசி ஒவ்வொன்றிலும் கமரா அமைந்துவிட்ட பின்னர், ஒளிப்படத்தின் அடிப்படைகளை ஒருவர் கற்க வேண்டியதன் அவசியம் யாது என்று வினவப்படுகின்றது. விரலால் ஒருமுறை தொட்டாற் போதும். ஒளியை அளப்பதும், தூரத்தைக் கணிப்பதும், நிறத்தைத் திருத்துவதும் கருவியின் வேலை. மனிதன் செய்ய வேண்டியது ஏதுமில்லை என்பது இவ்வினாவை எழுப்புவோரின் முடிபு. இம்முடிபு தவறானது. அது தவறானது என்பதை நிறுவுவதற்கு மேல்நாட்டுக் கலைக்கூடங்களைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. புத்தளம் மாவட்டத்தின் கண்டக்குழிக் கடற்கரையே போதிய சான்றாகும்.

கண்டக்குழி, கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் அமைந்த கடற்றொழிற் கிராமம். அதன் மேற்கே திறந்த கடல். கிழக்கே குடாநாட்டின் மறுபுறத்திற் புத்தளம் களப்பு. சோளகக் காற்று வலுக்கும் மே முதல் ஒக்ரோபர் வரையான மாதங்களிற் பட்டத்தின் இழுவிசையால் அலைமேற் சறுக்கும் விளையாட்டுக்காகப் பிறநாட்டார் இங்கு வந்து குவிகின்றனர். காற்றுத் தணிந்து கடல் அடங்கும் காலத்தில் ஓங்கில்களைக் காண்பதற்கெனப் படகேறுவோர் வருகின்றனர். அவர்கள் எடுத்துச் செல்லும் படங்கள் உலகெங்கும் பரவுகின்றன. அப்படங்களைக் கூர்ந்து நோக்குவோர் ஒன்றை அவதானிக்கலாம். வானம் செம்மையாக உள்ளது. கடல் பொன்னாக மின்னுகின்றது. பட்டம் பல நிறங்களில் ஒளிர்கின்றது. ஆயின், கரையில் வலை இழுக்கும் மனிதனுக்கு மட்டும் முகம் இல்லை. அவன் கறுத்த ஒரு நிழலுரு. மூக்கும் வாயும் கண்ணும் அற்ற வெட்டுருவம்.

மனிதனின் முகம் எவ்வாறு அழிந்தது? படம் எடுத்தவரின் தீய எண்ணத்தாலன்று. அவரது அறியாமையாலும் கருவியின் இயல்பாலுமே. கமராவிலுள்ள ஒளியளவிக்குத் தன் முன்னுள்ளது மணலா, கடலா, மனித முகமா என்பது தெரியாது. தன் எதிரே உள்ள காட்சி முழுவதும், தன்மீது விழும் ஒளியில் ஏறத்தாழ 18 சதவீதத்தைத் தெறிக்கும் நடுத்தரச் சாம்பல் நிறமுடையது என்று அது எடுத்துக்கொள்கின்றது. இருண்ட காட்சியை வெளுப்பித்தும் வெளிறிய காட்சியைக் கறுப்பித்தும் அச்சராசரிக்குள் அடக்குவதே அதன் தொழில். மின்னும் கடலும் வெண்மணலும் ஒளி ததும்பும் வானமும் சட்டத்தின் பெரும்பகுதியை நிரப்பும்போது, கருவி ஒளியைக் குறைக்கின்றது. அந்தக் குறைப்பில் முதலிற் பலியாவது, ஒளிக்குப் புறங்காட்டி நிற்பவனின் கரிய முகமே.

இதனோடு திசையும் நேரமும் சேர்ந்துகொள்கின்றன. கண்டக்குழியிற் கடல் மேற்கே இருப்பதால், மாலையிற் கடலை நோக்கி எடுக்கப்படும் எந்தப் படத்திலும் ஞாயிறு மனிதனுக்குப் பின்னே நிற்கும். உல்லாசப் பயணி கரைக்கு வருவது மாலையில். கரைவலைத் தொழிலாளியின் முகத்தில் ஒளி விழும் வேளை, காலையில் ஞாயிறு களப்பின் பக்கமிருந்து எழுந்து, தாழ்ந்து சாய்ந்து மணலைத் தடவும் வேளையாகும். அவ்வேளையிற் கரையைப் பார்த்து நிற்பவனின் ஒவ்வொரு சுருக்கமும் தெரியும். பருவமும் இவ்வாறே பிரிந்துள்ளது. பட்டங்களை உயர்த்தும் சோளகமே கடலைக் கொந்தளிக்கச் செய்து கரைவலையை ஓயச் செய்கின்றது. எனவே கமராக்கள் மிகுதியாக வரும் மாதங்களில் இம்மக்களின் தொழில் கரையில் இல்லை. தொழில் நடக்கும் காலை வேளையிற் கமராக்கள் உறங்குகின்றன. இந்தத் திசையையும் நேரத்தையும் பருவத்தையும் கருவி தானாக அறிந்து திருத்தப்போவதில்லை. அறிய வேண்டியவன் மனிதனே. ஒளியின் திசையை அறிதலே ஒளிப்படக் கல்வியின் முதற்பாடம்.

நிழலுருவும் ஒரு கலை வடிவமன்றோ என்று சிலர் மறுத்துரைக்கலாம். கலை வடிவமே; மறுப்பதற்கில்லை. ஆயின் முகத்தைக் காட்டவும் தெரிந்து, மறைக்கவும் தெரிந்து, ஒரு காரணம் பற்றி மறைத்தவன் செய்வதே கலை. காட்டத் தெரியாத காரணத்தால் மறைந்துபோனதைக் கலை என்று அழைப்பது, வாய்ப்பாடு தெரியாத காரணத்தாற் பிழைத்த கணக்கைப் புதுக் கணிதம் என்று அழைப்பதை ஒக்கும்.

முகம் அழிவதற்கு ஒரு வரலாறும் உண்டு. ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கில ஒளிப்படக் கலைஞர் 1875 இல் இலங்கைக்கு வந்து, 1879 இல் இங்கேயே காலமானவர். இங்கிலாந்தில் அவர் எடுத்த உருவப்படங்களில் டார்வின் டார்வினாகவும் ஹேர்ஷல் ஹேர்ஷலாகவும் பெயருடன் நிற்கின்றனர். இலங்கையில் 1878 இல் எடுத்த புகழ்பெற்ற படமோ 'களுத்துறைக் குடியானவர் குழு' எனப் பெயர்பெற்றது. அம்மனிதரின் பெயர்கள் அத்தலைப்பில் இல்லை. அக்காலக் கொழும்பு, கண்டி வணிக ஸ்ரூடியோக்கள் விற்ற படங்களிலும் தமிழர் 'தமிழ்ப் பெண்', 'தமிழ்க் கூலிகள்' என்னும் வகைப்பெயர்களாலேயே சுட்டப்பட்டனர். ஆங்கே முகம் இருந்தது, பெயர் இல்லை. இன்றைய கடற்கரைப் படத்தில் முகமும் இல்லை.

கருவியும் நடுநிலையானதன்று. 1950 களிலிருந்து கொடாக் நிறுவனம் நிறப்படங்களைக் கழுவும் கூடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. 'ஷேர்லி அட்டை' என்று அழைக்கப்பட்ட அதில் இருந்தது வெள்ளை இனப் பெண்ணொருத்தியின் படம். அவளது தோல் சரியாகத் தோன்றினால் அச்சு சரி என்பதே அளவுகோல். கரிய தோலின் நுண்ணிய வேறுபாடுகள் இவ்வளவுகோலுள் அடங்கவில்லை. பல இனப் பெண்கள் இடம்பெற்ற அட்டை 1990 களின் நடுப்பகுதியிலேயே வந்தது. கனேடிய ஆய்வாளர் லோர்ணா றோத் இவ்வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 2009 இல் வெளியிட்டுள்ளார். தானியங்கி என்னும் சொல்லுக்குப் பின்னால் எப்போதும் யாரோ ஒருவரது தெரிவு ஒளிந்துள்ளது என்பதே அந்த ஆய்வு உணர்த்தும் உண்மை.

இக்குறை இப்போது நீங்கிவிட்டது எனக் கருவியின் வழக்கறிஞர் வாதிடுவர். கூகுள் நிறுவனம் 2021 இற் கரிய தோலைச் செவ்வனே காட்டும் ஏற்பாடொன்றைத் தன் தொலைபேசியிற் புகுத்தியதையும், 2022 இற் பத்துப் படிகளுடைய தோல்நிற அளவுகோலை வெளியிட்டதையும் அவர்கள் எடுத்துக்காட்டுவர். முகத்தைத் தானே கண்டறிந்து, வெவ்வேறு கணங்களிற் பதிந்த பல படங்களை ஒன்றாக்கி, நிழலையும் ஒளியையும் சமன் செய்யும் ஆற்றல் இன்றைய தொலைபேசிக்கு உண்டென்பதும் உண்மையே. ஆயினும் தொப்பியின் நிழலில் உள்ள முகத்தையும், கயிற்றில் சாய்ந்து பக்கவாட்டில் திரும்பிய முகத்தையும், தொலைவில் நிற்கும் முகத்தையும் கருவி பலமுறை காணத் தவறுகின்றது. கண்டபோதும் அது ஒளியேற்றுவது வேறெங்கோ தீர்மானிக்கப்பட்ட ஒரு சுவைக்கு ஏற்பவே. அன்றியும், கருவியின் திருத்தம் எங்கே நிற்கும்? சம்சுங் தொலைபேசியொன்று, வேண்டுமென்றே மங்கலாக்கப்பட்ட நிலாப் படமொன்றை எடுத்தபோது, அம்மூலத்தில் இல்லாத விவரங்களையும் தானே சேர்த்தமை 2023 இல் வெளிச்சத்துக்கு வந்தது. நிலாவுக்கு இது வேடிக்கை. வலையில் அகப்பட்ட மீனுக்கும், கரையை அரித்த கடலுக்கும், காயப்பட்ட மனிதனுக்கும் இது வேடிக்கையாகுமா? கருவி என்ன செய்கின்றது என்பதை அறியாதவன் அதனை மறுக்கவும் முடியாது. அடிப்படைகளைக் கற்பதென்பது, சாராம்சத்தில், கருவியின் தீர்ப்பை மறுக்கும் ஆற்றலைப் பெறுவதே.

அவ்வடிப்படைகள் எவை? அவை பலர் அஞ்சுமளவுக்குப் பெரியனவல்ல.

முதலாவது, இலக்கமுறை என்பதன் பொருள். 1969 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வில்லார்ட் பொயிலும் ஜோர்ஜ் சிமித்தும் ஒளியை மின்னேற்றமாகச் சேகரிக்கும் சிலிக்கன் சாதனத்தை உருவாக்கினர். அதற்கென 2009 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசிற் பங்குபெற்றனர். 1975 இற் கொடாக் நிறுவனத்தின் ஸ்ரீவன் சசன் அத்தகைய சாதனத்தைக் கொண்டு அமைத்த முதற் கமரா 10,000 பிக்சல்களே உடையது. ஒரு படத்தை ஒலிப்பதிவு நாடாவிற் பதிய அதற்கு 23 வினாடிகள் எடுத்தன. இன்றைய கமராவிற் கோடிக்கணக்கான பிக்சல்கள் இருப்பினும் தத்துவம் பெரிதும் மாறவில்லை. ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழுந்த ஒளியை ஓர் எண்ணாக மாற்றுகின்றது. வழமையான ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளே உண்டு. பதப்படுத்தாத மூலக்கோப்பு 14 பிட்டாயின் 16,384 படிகள். இருளிற் புதைந்த முகத்தைப் பின்னர் மீட்கும் வாய்ப்பு மூலக்கோப்பில் எவ்வளவோ அதிகமாக இருப்பதன் காரணம் இதுவே. மாறாக, ஒளி மிகுந்து எண் உச்சத்தைத் தொட்டுவிட்டால் அவ்விடத்தில் விவரம் என்று ஒன்றில்லை. எந்தத் திருத்தமும் அதனை மீட்காது. இவ்விரண்டுக்குமிடையே எதைக் காப்பது, எதை விடுவது என்பதைத் தீர்மானிப்பவன் படம் எடுப்பவனே.

இரண்டாவது, ஒளியை ஆளும் மூன்று பிடிகள்: துவாரம், ஷட்டர் திறந்திருக்கும் நேரம், உணரியின் உணர்திறன். துவார எண்கள் 4, 5.6, 8, 11, 16 என ஏறுவது மந்திரமன்று. வட்டத்தின் பரப்பு ஆரையின் வர்க்கத்துக்கு நேர்விகித சமம் என்று படித்த மாணவன், ஒவ்வொரு படியிலும் எண் ஏறத்தாழ 1.4 மடங்காவதும் ஒளி அரைவாசியாவதும் ஏனென்று தானே கண்டுகொள்வான். நேரத்தை இரட்டித்தால் ஒளி இரட்டிக்கும். உணர்திறன் எண்ணை 100 இலிருந்து 200 ஆக்கினால் அரைவாசி ஒளியே போதும். ஆயின் எண் ஏற ஏறப் படத்திற் புள்ளி இரைச்சல் மிகும். அலைமேற் பாயும் பட்டக்காரனை உறையவைக்க வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். கயிற்றை இழுப்போரின் அசைவைக் காட்டவோ, முப்பதில் ஒரு பங்கு நேரம் திறந்துவைத்து, கைகள் சற்றே கலங்கவிடலாம். எது உண்மைக்கு நெருக்கமானது என்னும் வினா இங்கே எழுகின்றது. அதற்கு விடை சொல்லக் கருவியால் இயலாது. பெரும்பாலான தொலைபேசிகளில் துவாரம் மாறாதது என்பதையும் மாணவன் அறிந்திருத்தல் வேண்டும். அங்கே அவனுக்கு எஞ்சியிருப்பவை மற்றைய இரு பிடிகளே.

மூன்றாவது, ஒளியளவியின் சராசரியைத் திருத்துதல். தொலைபேசித் திரையில் முகத்தைத் தொட்டு, ஒளியை ஓரிரு படிகள் கூட்டுவதால், நிழலுருவாகப் போகவிருந்தவன் மனிதனாக மீள்கின்றான். வானம் சற்று வெளிறும்; வெளிறட்டும். அல்லது, அவனை வெண்மணல் ஒளியைத் தெறிக்கும் பக்கமாக நாலடி நகர்ந்து நிற்கும்படி கேட்கலாம். காசு செலவில்லாத தெறிப்பானாக அம்மணல் பயன்படும்.

இவற்றை எதிர்ப்போர் மூவகையினர். முதல் வகையினர், கலை பிறவியில் வருவது, இலக்கணம் கற்றால் அது கெடும் என்பர். யாப்பை அறிந்தவனே யாப்பை மீறிப் பாடினான் என்பதைத் தமிழ் படித்தவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஒளிப்படத் துறையிலும் இதுவே நியதி. 1900 இற் கொழும்பிற் பிறந்து 1944 இல் மறைந்த லயனல் வென்ட், சட்டமும் பியானோ வாசிப்பும் பயின்றவர். இருட்டறையில் ஒளியோடும் இரசாயனத்தோடும் இடையறாது பரிசோதனை செய்தவர். அவரது மறைவின் பின் 1950 இல் நூலுருவான அவரது படங்களில் மீனவரும் உழவரும் உடலும் முகமும் உடையவராய் நிற்கின்றனர். கைத்திறனை இழிவாகக் கருதியவரால் அவை எடுக்கப்படவில்லை.

இரண்டாம் வகையினரின் வாதம் கனமானது. வறிய கடற்றொழிலாளியின் பிள்ளைக்கு ஒளிப்படம் ஓர் ஆடம்பரம். அவனுக்கு வேண்டியது சோறு என்பர் அவர்கள். சோறு வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயின் கமரா ஏற்கெனவே அவன் வீட்டுத் தொலைபேசியில் இருக்கின்றது. அதற்கான விலை கொடுக்கப்பட்டாயிற்று. இல்லாதது அறிவே. 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றி மூழ்கியபோது மேற்குக் கரையில் ஒதுங்கிய பிளாஸ்டிக் குருணிகள், பருமனில் ஐந்து மில்லிமீற்றருக்கும் குறைந்தவை. வெண்மணலின் மேல் வெண்குருணி. ஒளி மிகைத்தால் இரண்டும் ஒன்றாகி மறையும். அருகே ஓர் அளவுகோலோ நாணயமோ இன்றி, திகதியும் இடமும் இன்றி எடுத்த படம் இழப்பீடு கேட்பவனுக்கு உதவுமா? சாய்ந்த ஒளியில், ஒளியை ஒரு படி குறைத்து, அளவுகோலுடன் எடுத்து, மூலக்கோப்பைப் பேணி வைத்தவனின் படம் சாட்சியாகும். தன் கரைக்கு நேர்ந்ததைத் தானே நிறுவும் ஆற்றல் ஆடம்பரமன்று. அது குடியுரிமையின் ஒரு கூறு.

பேணுதல் பற்றியும் இங்கே கூறுதல் தகும். 1990 ஒக்ரோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களிற் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தஞ்சம் புகுந்தனர். சில மணி நேரத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்டவர் குடும்பப் படங்களை எவ்வளவு எடுத்து வந்திருக்க முடியும்? அவ்விழப்பின் பெறுமதியை அறிந்த மண் இது. அத்தகைய மண்ணில், குறுஞ்செய்திச் செயலி வழியே அனுப்பிச் சுருங்கிய பிரதியையே மூலமென எண்ணி, தொலைபேசி பழுதானதும் யாவற்றையும் இழக்கும் நிலை நீடிக்கலாகாது. மூலக்கோப்பை இரு வேறு இடங்களில் வைத்தலும், படத்தில் இருப்பவரின் இசைவைப் பெற்று அவரது பெயரையும் ஊரையும் நாளையும் எழுதி வைத்தலும் அடிப்படைக் கல்வியின் பகுதியே. களுத்துறைக் குடியானவருக்குக் கிடைக்காத பெயர், கண்டக்குழியின் வலைகாரருக்குக் கிடைக்க வேண்டும்.

மூன்றாம் வகையினர் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருப்போர். தமிழில் இதற்குச் சொல் இல்லை, எனவே ஆங்கிலம் அறிந்தவருக்கே இது கைகூடும் என்பது அவர்களது கூற்று. இதைவிட வெட்கத்துக்குரிய கூற்று வேறில்லை. வில்லை, விம்பம், குவியத்தூரம், முறிவு, தெறிப்பு என்பன பல தலைமுறையாக இந்நாட்டுப் பாடசாலைகளிற் பௌதிகவியல் மாணவர் தமிழிற் பயின்றுவரும் சொற்கள். கமராத் திரையில் ஒளியின் பரம்பலைக் காட்டும் வரைபடம், கணித பாடத்தில் அவர்கள் வரைந்த வலையுருவரையமன்றி வேறன்று. சொல் உண்டு, சொல்லுக்கும் கையிலுள்ள பொருளுக்குமிடையே பாலம் இல்லை. வில்லைக் கணக்கிற் சித்தி பெற்ற மாணவன், தன் சட்டைப்பையிலுள்ள வில்லையை மந்திரப் பொருளாகக் காண்கின்றான். இது மாணவனின் குறையன்று; அறிவைப் பரீட்சைக்கும் கருவியைக் கடைக்கும் எனப் பிரித்து வைத்த கல்விமுறையின் குறை. தமிழ்த் துறைகளில் திரைப்படத்தைப் பற்றி எழுதும் கட்டுரைகள் பெருகியுள்ளன. ஒளி எத்திசையிலிருந்து விழுகின்றது என்ற ஒரு வாக்கியத்தை அவற்றுட் காண்பது அரிது. படத்தின் அரசியலைப் பேசுவோர் படத்தின் இலக்கணத்தை அறியாதிருப்பின், அப்பேச்சு காற்றில் எழுதிய எழுத்தாகும்.

செய்யத்தக்கது எளியது. ஒரு வாரப் பயிற்சிக்கு விலையுயர்ந்த கமரா தேவையில்லை. முதல் நாள் அட்டைப் பெட்டியிற் சிறுதுளையிட்டு, வெளியே உள்ள தென்னை தலைகீழாகத் தோன்றுவதைக் காட்டலாம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்னு அல்-ஹைதம் ஆராய்ந்த அதே விம்பம் அது. இரண்டாம் நாள் ஒரே முகத்தைக் காலை, நண்பகல், மாலை என மூன்று ஒளியில் எடுத்து ஒப்பிடலாம். அடுத்து வரும் நாட்களில் மூன்று பிடிகளும், ஒளியளவியைத் திருத்தலும், வலையுருவரையத்தை வாசித்தலும், இறுதியிற் பெயரிட்டுப் பேணுதலும். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் நடத்தும் போட்டிகளுக்கும் விழாக்களுக்கும் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கு இதற்குப் போதும். அப்பயிற்சி பல்கலைக்கழக மண்டபத்துக்குள் அடங்கிவிடலாகாது. கண்டக்குழி போன்ற ஊர்களின் பாடசாலைகளுக்கு அது செல்ல வேண்டும். சென்றவர்கள் கற்பிப்பதோடு நில்லாது, காற்றுக்கும் கடலின் நிறத்துக்கும் மேகத்துக்கும் அவ்வூரார் வழங்கும் சொற்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளவும் வேண்டும். ஒளியைப் பார்த்துக் கடலுக்குப் போவதா, நிற்பதா என்று நாள்தோறும் தீர்மானிப்பவர்கள் அவர்கள். ஒளியைப் பற்றிய கல்விக்கு அவர்களிடம் கற்கவேண்டியனவும் உள.

மாலையில் வரும் விருந்தினர் செவ்வானத்தை எடுத்துச் செல்லட்டும். அதைத் தடுப்பார் யாருமில்லை. ஆயின் காலையில், கரைவலையின் மடி மணலைத் தொடும் வேளையில், அவ்வூர்ப் பிள்ளையொருத்தி கிழக்கொளியைத் தன் முதுகுக்குப் பின் வைத்து நின்று, முகங்களுக்கேற்ப ஒளியை அளந்து, இழுப்போர் ஒவ்வொருவரின் பெயரையும் அறிந்து எடுக்கும் படமும் உலகில் இருத்தல் வேண்டும். அப்பிள்ளையிடம் தொலைபேசி இருக்கின்றது. இல்லாத கல்வியைக் கொண்டு சேர்ப்பது கற்றோரின் கடன்.